ஐந்தாவது பிழை

பாவாடை வாத்தியார் கேட்டது இரண்டே சொல். அதற்காக ஐந்து வருஷம் அலைந்தார். கூடவே ஒரு பெண்ணின் படிப்பும் போயிற்று. அதே பள்ளியில் பக்கத்து வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். நடந்ததையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓரிடத்தில் கைதட்டவும் செய்தேன். ஆகவே எனக்கு விவரம் தெரியும்.

பள்ளி முத்தியால்பேட்டையில் இருந்தது. பெயர் வேண்டாம். ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பரில் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது எங்கள் பள்ளிக் கம்பத்திலும் மாறியது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. ஊர் கைமாறிவிட்டது, ஆனால் சட்டப்படி மாறவில்லை, அதற்குப் பாரிசில் ஒப்புதல் ஆக வேண்டும் என்றார்கள். அதுவரை இருந்தது இருந்தபடியே இருக்குமாம். அதனால் பிள்ளைகள் காலையில் புதுக் கொடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பழைய தேசத்து நதிகளை மனப்பாடம் செய்தார்கள்.

ஆரம்பப் படிப்பின் முடிவில் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறினால் கொடுக்கும் தாளைச் செர்த்திபிகா என்போம். அது கையில் இருந்தால் ஆசுபத்திரியில் தாதிப் பயிற்சிக்குப் போகலாம். ஏதாவது ஒரு பீரோவில் குமாஸ்தா ஆகலாம். அலுவலகத்துக்கு எங்கள் ஊரில் பீரோ என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் துணி வைக்கிற பீரோ என்று நினைத்துக்கொள்வார்கள். அதிலும் பெரிய தவறில்லை. இரண்டிலும் உள்ளே போனது சுலபத்தில் வெளியே வராது.

தேர்வின் முதல் பகுதி திக்தே. வாத்தியாரையும் அதிகாரியையும் எங்கள் ஊரில் முசே என்போம். முசே ஒருவர் பிரெஞ்சில் ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். மொத்தம் இருபது மதிப்பெண். ஒரு பிழைக்கு நாலு போகும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். திக்தேயில் பூஜ்யம் வாங்கின பிள்ளை மற்ற எல்லாவற்றிலும் முழுசாக வாங்கினாலும் தேறாது. இதுதான் விதி. யார் போட்டது, எப்போது போட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களையும் அதில்தான் வடிகட்டினார்கள். நாங்களும் அதில்தான் வடிகட்டினோம்.

ஐம்பத்தேழாம் வருஷத் தேர்வில் அஞ்சலாட்சி தேறவில்லை.

அஞ்சலாட்சிக்கு அப்போது பதினாலு வயது. ரெட்டியார்பாளையத்துக்காரி. அவள் தாய் செல்வாம்பாள் காலையில் தங்கள் கொல்லையிலிருந்து கத்திரிக்காயும் கீரையும் கூடையில் எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு நடந்து வருவாள். மகளும் பையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்து எங்கள் பள்ளிக்குள் நுழைவாள். கணக்கில் அவளுக்கு நான் போட்டது இருபதுக்கு இருபது. அவள் விடையைப் பார்த்து நான் என் விடையைத் திருத்திக்கொண்ட நாளும் உண்டு. தாதிப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அத்தை ஒருத்தி பிரசவத்தில் ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே வண்டியில் செத்துப்போனாள். அதிலிருந்து வந்த ஆசை.

அந்த வருஷத் திக்தே, பனிக்காலத்தில் ஒரு கிராமத்தைப் பற்றியது. கூரைமேல் பனி, புகைபோக்கி, அடுப்பருகே ஒரு கிழவி ஏதோ கொட்டை சுடுகிறாள். பனி என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு, தலைமை ஆசிரியர் தேவதாஸ், "கற்பூரம் மாதிரி இருக்கும், ஆனா கொளுத்த முடியாது" என்று விளக்கியிருந்தார். அஞ்சலாட்சி நூற்றுப் பதினேழு சொல் எழுதியதில் நூற்றுப் பன்னிரண்டு சரி. நாலு பிழை, உச்சரிப்பில் வராத எழுத்துகளை விட்டதால் வந்தது. ஐந்தாவது, ஜன்னல் என்ற சொல்லின் நடு எழுத்துக்கு மேலே குல்லாய் மாதிரி ஒரு குறி போட வேண்டும், அதை மறந்துவிட்டாள்.

பலகையில் தன் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு அவள் நேரே பாவாடை வாத்தியாரிடம் வந்தாள். அழவில்லை.

"வாயில வராத எழுத்த கையில மட்டும் ஏன் முசே எழுதணும்?"

பாவாடை வாத்தியார் பதினெட்டு வருஷமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர். சேதராப்பட்டில் பிறந்து, கிராமத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த முதல் ஆள். அதுவரை யாரையும் எதையும் கேட்டதில்லை. அன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் அஞ்சு?"

"என்னா அஞ்சு?" என்றேன்.

"ஏன் ஆறு இல்ல? ஏன் பத்து இல்ல? அஞ்சு பிழைன்னா படிப்பே வரலைன்னு யாரு சொன்னது?"

தேவதாஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் ஜன்னலையும் சாத்தினார். நல்ல மனிதர். ஓய்வுக்கு ஆறு வருஷம் பாக்கி இருந்தது.

"பாவாடை, இந்தக் கேள்விய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் மெதுவாக. "கேட்டிருந்தா பதில் வச்சிருப்பாங்க. பதில் இல்லாத கேள்விய நீங்க ஏன் கேக்குறீங்க?"

"பதில் இருந்தா நான் ஏங்க கேக்கப்போறேன்?"

தேவதாஸ் இதை வெகுநேரம் யோசித்தார். பிறகு, எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். கேள்வி தன் பள்ளியை விட்டு வெளியே போய்விடும் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

பாவாடை வாத்தியார் நாலு நாள் உட்கார்ந்து பிரெஞ்சில் ஒரு மனு எழுதினார். அஞ்சலாட்சியின் பெயரைப் போட்டு, அவளுடைய மதிப்பெண்களைக் காட்டி, ஐந்து பிழைக்குப் பூஜ்யம் என்ற விதியின் காரணத்தைத் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர்க் கட்டடம் ஒன்றில் இருந்த தேர்வு மேற்பார்வை பீரோவுக்கு அது போயிற்று. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிகள். அடியில் வட்டம் போட்டு: பிழை ஐந்து, மதிப்பெண் பூஜ்யம்.

அவர் என்னையும் அழைத்துக்கொண்டு பீரோவுக்குப் போனார். துணைக்குத்தான் போனேன், வாய் திறப்பதில்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டேன்.

ஆய்வாளர் சவரிராயன் எங்களை உட்காரச் சொன்னார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மேசைமேல் மூன்று சிவப்பு மைக்கூடு. மனுவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு காற்புள்ளி இல்லை. ஒரு பன்மைக்கு வால் இல்லை. ஒரு வினைச்சொல் பெண்பாலாக வேண்டிய இடத்தில் ஆண்பாலாக நிற்கிறது. தேதி வலது மூலையில் இல்லாமல் இடது மூலையில் இருக்கிறது.

"அஞ்சாவது?" என்றார் பாவாடை.

"உங்க பேரு."

"எம்பேரா?"

"சர்வீஸ் புத்தகத்துல பிரெஞ்சு எழுத்துல இருக்குற உங்க பேரோட கடைசி எழுத்து மேல ஒரு சாய்கோடு இருக்கு. நீங்க கையெழுத்துல அத விட்டுட்டீங்க."

"அது எம்பேரு முசே. எங்க குலசாமி பேரு. எங்கப்பா வச்சது."

"வச்சது அவரு. பதிஞ்சது சர்க்காரு" என்றார் சவரிராயன் அன்பாக. "அஞ்சு பிழை இருக்குற மனு, மனு இல்ல. அத எழுதுனதாவே எடுத்துக்க முடியாது."

"அப்போ நான் எழுதலையா?"

"எழுதுனீங்க. ஆனா எழுதுனதா ஆவல."

பாவாடை வாத்தியார் மனுவை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டார். சவரிராயன் நாற்காலியில் சாய்ந்தார். முத்தியால்பேட்டை மாதாகோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எனக்கு முன்வரிசையில் நின்று தமிழில் செபம் சொல்கிறவர் அவர்.

"எனக்குத் தமிழ் தெரியும் பாவாடை. உங்களைவிட நல்லாவே தெரியும். ஆனா இந்த நாற்காலிக்குத் தெரியாது. நான் என்னா செய்யட்டும்?"

திரும்பி நடந்தோம். கடல் காற்றில் அவர் வேட்டி படபடத்துக்கொண்டிருந்தது. பெரிய கால்வாயைத் தாண்டியதும், "எல்லாரும் பிழையத்தானே எண்றோம்? சரியானத எண்ணிப் பார்த்தா என்ன?" என்றார். நான் நடையை எட்டிப் போட்டேன்.

மறுவாரம் முதல் தன் வகுப்பில் திக்தே தாளைத் திருத்தும் முறையை மாற்றினார். பிழையான சொல்லுக்கு அடியில் கோடு கிடையாது. சரியான சொற்களை எண்ணி, மேலே பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். எழுபது சரி, எண்பத்து மூன்று சரி, நூற்றொன்று சரி. தவறியதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அந்த வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. திக்தே நேரத்தில் பிள்ளைகள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. முதல் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த ஆனந்தமேரி டீச்சரும் ஒரு பச்சை மைக்கூடு வாங்கி வைத்துக்கொண்டாள். நானும் ஒன்று வாங்கினேன். திறக்கவில்லை.

சவரிராயன் வகுப்பைப் பார்வையிட வந்தார். பச்சை எண்களைப் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். பிள்ளைகள் எழுதுவது முன்னைவிட மேம்பட்டிருப்பது அவருக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். ஆசிரியர்கள் எல்லோரையும் மரத்தடியில் நிற்கவைத்துப் பேசினார்.

"பிழை எண்றதுக்கு விதி இருக்கு, படிவம் இருக்கு, மை இருக்கு. சரியானத எண்றதுக்கு என்ன இருக்கு? ஒண்ணும் கிடையாது. நூறு பிள்ளை எழுதினா பதினெட்டு தேறுது. தாதிப் பயிற்சிக்கு எத்தனை இடம்? குமாஸ்தாவுக்கு எத்தனை இடம்? எல்லாம் சேர்த்துப் பதினெட்டு. பார்த்தீங்களா, எவ்வளவு கச்சிதமா இருக்கு! எல்லாப் பிள்ளையும் தேறிட்டா மீதி எண்பத்து ரெண்ட எங்க உக்கார வைப்பீங்க? அந்தப் பிள்ளைங்க இப்ப என்ன நினைச்சுக்குது? நமக்குப் படிப்பு வரலன்னு நினைச்சுக்குது. அமைதியா வீட்டுக்குப் போவுது. அந்த அமைதிய நீங்க கெடுக்கலாமா?"

இவ்வளவு தெளிவாக அந்த விதியை யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை. ஆனந்தமேரி மறுநாளே காரைக்காலுக்கு மாற்றப்பட்டாள். அவளுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. பாவாடையின் பச்சை மைக்கூட்டை எடுத்து, ரசீது போட்டு, பீரோவுக்கு அனுப்பினார்கள். என்னுடையதை நானே கொல்லைப்புறத்தில் கவிழ்த்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் புது அதிகாரி ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். கதர் ஜிப்பா, பளிச்சென்ற பேச்சு. கல்வியில் புதிய காற்று வீச வேண்டும் என்றார். ஆசிரியர்கள் அடிமைகள் அல்ல, கேள்வி கேட்க வேண்டும், பழக்கங்களை அசைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்காகவே ஐம்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு நாளை 'ஆசிரியர் வினா விழா' என்று அறிவித்தார். சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வியை மூன்று பிரதிகளில், விழாவுக்கு இருபது நாள் முன்னால் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பிரதியோடும் பதிலை இணைக்க வேண்டும். பதில் இல்லாத கேள்விகள் ஏற்கப்படமாட்டா.

பாவாடை வாத்தியார் சுற்றறிக்கையின் முதல் பாதியை மட்டும் நம்பினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பார்த்தியா, காலம் மாறுது" என்று என் தோளைத் தட்டினார். அனுப்பிய கேள்வி அதே இரண்டு சொல். பதில் என்ற இடத்தில், "இதைத்தான் கேட்கிறேன்" என்று எழுதினார்.

வியப்பாக, அவரை மேடைக்கு அழைத்திருந்தார்கள். மொத்தம் ஏழு ஆசிரியர்கள் மேடையில் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. போனதும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அதில் கேள்வி தட்டச்சு செய்திருந்தது. பாவாடையின் அட்டையில், "இத்தனை குறைந்த காலத்தில் நம் பள்ளிகள் இத்தனை உயர்ந்தது எவ்வாறு?" என்று இருந்தது.

பந்தலில் முந்நூறு ஆசிரியர்கள். முன்வரிசையில் சவரிராயனும் தேவதாசும். ஆறு பேர் தங்கள் அட்டைகளை வாசித்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் அசந்துபோனவர் போல நெற்றியைத் தடவிவிட்டுப் பதிலை வாசித்தார். ஏழாவதாகப் பாவாடை எழுந்தார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். ஒலிபெருக்கிக்கு மிக அருகில் போய்விட்டதால் அவர் குரல் இடி மாதிரி விழுந்தது.

"ஏன் அஞ்சு? எங்க பள்ளியில அஞ்சலாட்சின்னு ஒரு பொண்ணு. நூத்திப் பதினேழு சொல்லுல நூத்திப் பன்னெண்டு சரியா எழுதுச்சு. அதுக்குப் பூஜ்யம் போட்டோம். ஜன்னலுக்குக் குல்லா போடலன்னு பூஜ்யம் போட்டோம். அந்த ஜன்னல அது பார்த்ததில்ல, அந்தப் பனிய நானும் பார்த்ததில்ல. நான் பதினெட்டு வருஷமா இதத்தான் செய்றேன். எத்தன பிள்ளைங்கன்னு எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியல. யாராவது ஒருத்தர் சொல்லுங்க. ஏன் அஞ்சு?"

தேவதாஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மெல்ல எழுந்தார். கைதட்டினார். பிறகு சவரிராயன் தட்டினார். பிறகு பந்தலே தட்டியது. நானும் தட்டினேன், இதோ நடந்துவிட்டது என்று உண்மையிலேயே நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அதிகாரி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"இதுதான் நமக்கு வேண்டிய துணிவு. இப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவர் இருக்கும்போது நம் கல்விமுறையில் குறை இருப்பதாக எவரும் சொல்ல முடியுமா? இவ்வளவு கடுமையான கேள்வியைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறதே, அதுவே இந்த விதியின் வலிமைக்குச் சான்று. கேள்வி என்பது விளக்குப் போன்றது. அதை ஏற்றி வைத்துவிட்டோம். இனி அணையாமல் அங்கேயே இருக்கட்டும். இந்த ஆண்டின் சிறந்த வினா இது!"

பாவாடைக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரம் கொடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும், "பதில்?" என்று அதிகாரியிடம் கேட்டார். "பரிசு பெற்ற வினாவுக்குப் பதில் சொல்வது முறையல்ல. மற்றவர்களுக்கு வருத்தம் வரும்" என்றார் அவர். விழாவின் விதிப்படி, பரிசு பெற்ற கேள்வியை மறுபடி யாரும் கேட்கக் கூடாது.

அந்த வருஷத் தேர்வுக்கு அஞ்சலாட்சி தயாரானாள். பள்ளி விட்ட பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் பாவாடை அவளுக்குத் திக்தே வாசித்தார். பேசாத எழுத்துகளையெல்லாம் அவள் உருப்போட்டாள். செல்வாம்பாள் காலிக் கூடையோடு வாசலில் உட்கார்ந்து காத்திருப்பாள். புரியாத அந்தப் பாஷையைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவாள். நானும் கணக்கில் அவளுக்கு உதவுவதாகச் சொன்னேன். தேவையில்லை என்று சிரித்தாள்.

தேர்வன்று திக்தே ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது. திருத்திய முசே யாரோ எங்களுக்குத் தெரியாது. ஆனால் செய்தி கசிந்தது. அஞ்சலாட்சிக்கு மூன்றே பிழை. இருபதுக்கு எட்டு. மற்ற பாடங்களில் முதலிடம். தேவதாஸ் எல்லோருக்கும் பக்கடா வாங்கிக் கொடுத்தார். பாவாடை வாத்தியார் தன் பங்கைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையம்வரை நடந்து போய் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

பலகையில் பெயர் வரவில்லை.

இந்தத் தடவை பீரோவுக்கு அவரோடு செல்வாம்பாளும் அஞ்சலாட்சியும் வந்தார்கள். நானும் போனேன். சவரிராயன் தடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேலே அஞ்சலாட்சி என்று எழுதியிருந்தது. பாவாடையின் முதல் மனு, ஆய்வுக் குறிப்பு, வினா விழாப் பேச்சின் நகல், எல்லாம் அதில் இருந்தன.

"இந்தப் பேர எங்களுக்குத் தெரியாம இருந்திருந்தா ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றார். "முந்நூறு பேர் முன்னால மேடையில சொன்ன பேரு. சாதாரணமா தேறவிட்டா, பயந்துட்டோம்னு சொல்லுவாங்க. பாரபட்சம்னு சொல்லுவாங்க. அதனால நடுநிலையா இருக்கணும்னு தாளத் திரும்ப எடுத்து நாலு பேர் பார்த்தோம். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தோம். முற்றுப்புள்ளி ஒண்ணு, கீழ கொஞ்சம் இழுத்து, காற்புள்ளி மாதிரி இருக்கு. நாலாவது பிழை. அப்புறம் தேடினா ஒரு எழுத்து, அது ஒத்தையா ரெட்டையான்னு சந்தேகம். சந்தேகம் வந்தா பிழைன்னு விதி."

"மத்தப் பிள்ளைங்க தாளையும் அப்படிப் பார்த்தீங்களா?" என்றார் பாவாடை.

"மத்தப் பிள்ளைங்களப் பத்தி யாரும் கேள்வி கேக்கலியே."

அஞ்சலாட்சி மேசையருகே போய்த் தன் தாளைப் பார்த்தாள். அந்த முற்றுப்புள்ளியை விரலால் தொட்டாள். "பேனா ஒழுகுச்சு முசே" என்றாள்.

வெளியே வந்து வெயிலில் நின்றோம். செல்வாம்பாள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு பாவாடையைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஐயா, எம்பொண்ணு மேல பிரியமாத்தான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும். ஆனா நீங்க யாரையும் ஒண்ணும் கேக்காம இருந்திருந்தா, அவ இந்த வருஷம் பாசாயிருப்பா. இல்லீங்களா?"

பாவாடை வாத்தியார் அவள் கூடையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"அடுத்த வருசம் வயசு தாண்டிடும்னு சொல்றாங்க. போதும்யா. நடந்து நடந்து அவ காலும் தேஞ்சுது, எங்காலும் தேஞ்சுது."

தாயும் மகளும் விழுப்புரம் சாலைப் பக்கம் நடந்து போனார்கள். அஞ்சலாட்சி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பாவாடை பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. நான்தான் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாவாடை வாத்தியார் ஓயாததால் அவரைத் தண்டிப்பதைவிடக் கௌரவிப்பது நல்லது என்று முடிவு செய்தார்கள். ஐந்து பற்றி ஆராய ஓர் உட்குழு அமைத்து, அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். உறுப்பினர் ஐந்து பேர். விதியின் மூல உத்தரவை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அது இங்கே இல்லை. பாரிசுக்கு எழுதினார்கள். பதினொரு மாதம் கழித்து, உங்கள் ஊர் இப்போது எங்கள் நிர்வாகத்தில் இல்லை, தில்லியைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. தில்லிக்கு எழுதினார்கள். ஒப்புதல் முடியும்வரை அந்த விதி சட்டப்படி பிரெஞ்சுச் சொத்து, அதைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை, பாரிசைக் கேளுங்கள் என்று வந்தது. அந்தக் கடிதங்களைப் பாவாடைதான் எழுதினார். கையெழுத்தில் சாய்கோடு போடப் பழகிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். சொல்லவில்லை.

ஒவ்வொரு வருஷமும் தேர்வு நடந்தது. ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்குப் பதினெட்டு தேறியது.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் ஒப்புதல் முடிந்தது. ஊரெல்லாம் தோரணம், வாணவேடிக்கை. பத்தே நாளில் ஓர் உத்தரவு வந்தது. பழைய தேர்வு படிப்படியாக நிறுத்தப்படும்; புதுத் தேர்வில் ஐந்து பிழை விதி கிடையாது. ஆசிரியர் அறையில் தேவதாஸ் அதை வாசித்தார். மறுநாளே தான் ஓய்வுபெறப்போவதாகவும் அப்போதே அறிவித்தார். ஒரு வருஷம் முன்னதாகவே. பாவாடை எழுந்து அந்தத் தாளை வாங்கிக் கடைசிப் பத்தியைத் தேடினார். அஞ்சலாட்சி மாதிரி ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு என்ன வழி என்று பார்த்தார். வழி இருந்தது. முந்தைய ஆட்சியின் கீழ் ஏற்பட்ட உரிமைகள் யாவும் மதிக்கப்படும் என்றும், அதன்படி அப்போது தேறியவர்களின் தேர்ச்சியும், தேறாதவர்களின் தேறாமையும் குறைவின்றிப் பாதுகாக்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

அன்று மத்தியானம் அவர் அந்த உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வரச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். அஞ்சலாட்சி பஞ்சாலையில், மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிப்டு பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். வாசலில் நின்றோம். வேலைக்குப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டாமல் துணி கட்டியிருந்த ஒருத்தி எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"முசே! கணக்கு முசே! என்னா இங்க?"

பத்தொன்பது வயது. கழுத்தில் தாலி. இளைத்திருந்தாள். செல்வாம்பாள் போன வருஷம் போய்விட்டதாகச் சொன்னாள். பாவாடை நகலை நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்தாள். அது இங்கிலீஷில் இருந்தது.

"இது எனக்குத் தெரியாதே முசே. என்னா போட்டிருக்கு?"

அவர் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக, திக்தே வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பள்ளியில் சிரித்த மாதிரியேதான்.

"பாதுகாக்குறாங்களா? நல்லா பத்திரமா வச்சுக்கட்டும்."

"அஞ்சலாட்சி, நான் அன்னிக்கு மேடையில உம்பேரச் சொல்லாம இருந்திருக்கணும்."

"எம்பேர மைக்குல சொன்னது நீங்க ஒருத்தர்தான் முசே. எங்கம்மா அத எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்துச்சு."

பாவாடை தலையைக் குனிந்துகொண்டார். நான் தெருவைப் பார்த்தேன். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "வேல எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு முசே. நூல் அறுந்தா முடி போடணும். அவ்ளோதான். ஏன் எதுக்குன்னு கேட்டா வெளிய அனுப்பிடுவாங்க, அதனால யாரும் கேக்குறதில்ல."

உள்ளே எங்கோ இயந்திரம் ஒன்று கிளம்பியது. அவள் உத்தரவை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். இடுப்பில் டிபன் தூக்கைச் சரிசெய்துகொண்டு, அவசரமாக வாசலைப் பார்த்தாள்.

"மணி என்னா ஆவுது முசே?"

பாவாடை வாத்தியார் உடனே கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவப் போவுது" என்றார்.

அவள் ஓடினாள்.